காலையில் கிளம்ப மறுக்கும் பழைய டீசல் வண்டி: முதலில் புகையைப் பாருங்கள்

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுவதால், சின்னக் குறைகூட காலையில்தான் முதலில் தலைகாட்டும். மெக்கானிக்கல் டீசல் பம்பும், கிளம்பும் முன் இன்ஜினின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கும் உள்ள பழைய வண்டிகளுக்கான சோதனை முறை இது.

எதையும் கழற்றுவதற்கு முன், ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்சர் முனையைக் கவனியுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. இது தெரியாமல் பிளக், ஃபில்டர், பேட்டரி என்று வரிசையாக மாற்றுவது வீண்செலவு. செல்ஃபை ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

செல்ஃபே மந்தமாகச் சுற்றினால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இன்ஜின் மெதுவாகச் சுற்றிக் காற்றை அழுத்தினால் சூடு ஏறாது. முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் சந்தேகம். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் மந்தமாகவே சுற்றினால், மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரோ அதன் இணைப்போ அரித்திருக்கிறது. பலரும் பார்க்காமல் விடும் இடம் இதுதான்.

வெள்ளைப் புகை என்றால் ஹீட்டர் பிளக்குகளிலிருந்து தொடங்குங்கள். சாவியைப் போட்டதும் பிளக்குகளை இணைக்கும் பட்டையில் ஏறக்குறைய பேட்டரி வோல்ட்டேஜ் வர வேண்டும். வரவில்லையென்றால் ஃபியூஸ் அல்லது ரிலே. வந்தால் சாவியை அணைத்து, பட்டையைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கையும் ஓம் மீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் பிளக் பெரும்பாலும் 2 ஓமுக்குள் காட்டும். எரிந்துபோனது இணைப்பே காட்டாது. சில வண்டிகளின் பிளக் 12 வோல்ட்டுக்கும் குறைவானது, அதை நேராக பேட்டரியில் தொட்டுப் பார்த்தால் கருகிவிடும். பிளக்கைக் கழற்றும்போது இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கட்டும். துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். உள்ளே முறிந்தால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டிவரலாம்.

பிளக் எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் பம்ப் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), வால்வு இடைவெளி, டீசலைப் பீய்ச்சும் நாசில் சொட்டுகிறதா என்பது, கடைசியாகக் கம்ப்ரஷன் என்ற வரிசையில் போகலாம்.

புகையே இல்லாத வண்டியில், சாவி போடும்போது பம்பிலுள்ள ஸ்டாப் சோலனாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) 'டிக்' என்கிறதா என்று கேளுங்கள். அது வேலை செய்தால் பெரும்பாலும் ஏர் பிடித்திருக்கும், அதாவது டீசல் வழியில் காற்று புகுந்திருக்கும். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள வழி உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகலாம், இரவோடிரவாக டீசலும் டேங்குக்குத் திரும்பிவிடும். கீழே ஈரம் இல்லை என்பதை நம்பி ஏமாறாதீர்கள். காலையில் செல்ஃப் அடிக்கும் முன் ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்ப்) இறுகும்வரை அழுத்துங்கள். உடனே பிடித்துக்கொண்டால் காற்றுதான் காரணம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸ் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும். ஃபில்டர் வாஷர், ஃபில்டரடித் தண்ணீர்த் திருகு, இன்ஜெக்டர்மேல் விறைத்துப்போன ரிட்டர்ன் ஹோஸ்கள், செம்பு வாஷர்கள், பிரைமர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வண்டியைக் கிளப்ப சிலர் அடிக்கும், சட்டெனத் தீப்பிடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயை மட்டும் அடிக்காதீர்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டால் நேரத்துக்கு முன்பே வெடித்து, ரிங்கையும் பிஸ்டனையும் உடைத்துவிடலாம்.