மெத் போதை: மூன்றாம் நாள் தெளிந்த முகத்தை நம்பி ஏமாறாதீர்கள்

மெத்தம்பெட்டமைன் என்ற பெயரைச் சென்னையில் பல பெற்றோர் முதன்முதலில் பார்ப்பது போலீஸ் செய்தியில்தான். பையன்கள் சுருக்கமாக 'மெத்', 'ஐஸ்' என்பார்கள். குடியையும் கஞ்சாவையும் பார்த்துப் பழகிய வீடு, அதே கண்ணோடு இதையும் பார்ப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. வாயில் நாற்றம் இருக்காது, தள்ளாட்டம் இருக்காது. மெத் எடுத்த பையன் ராத்திரி இரண்டு மணிக்கு பைக்கின் கார்புரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகப் பழைய பேப்பர் மேல் அடுக்கித் துடைத்துக்கொண்டிருப்பான். விடிந்த பிறகும் அது வண்டியில் ஏறியிருக்காது. ஒரே வேலையை மணிக்கணக்கில் காரணமே இல்லாமல் செய்வது இந்தப் போதையின் அடையாளங்களில் ஒன்று. வீட்டிலோ, "பையன் சுறுசுறுப்பாகிட்டான், ஜிம்முக்குப் போய் இளைச்சுட்டான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

மெத் உள்ளே போனதும், மூளையில் இன்ப உணர்வைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருள் வெள்ளமாகக் கொட்டுகிறது. உடலை விட்டுப் போகவும் நேரம் எடுக்கும்: உள்ளே போனதில் பாதி வெளியேறவே 10 முதல் 12 மணி நேரம் ஆகும். அடுத்தடுத்து எடுப்பவர்கள் இரண்டு மூன்று நாள்கூடத் தூங்காமல், சாப்பிடாமல் இருப்பார்கள். அப்புறம் ஒரேயடியாகச் சரிவார்கள்.

பெரிய தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. அடித்துப்போட்ட மாதிரி ஒரு நாள், இரண்டு நாள் தூங்குவான். நடுவில் எழுந்து தட்டு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு மறுபடி படுப்பான். மூன்றாம் நாள் குளித்து, முகம் தெளிந்து, "அம்மா, காபி" என்று வந்து நிற்பான். குடியை நிறுத்தும்போது வரும் கைநடுக்கமோ வலிப்போ இதில் பெரும்பாலும் இருக்காது. "விட்டுட்டான், அவ்வளவுதான்" என்று அப்பா ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். உண்மையில் ஆபத்தான வாரங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. எதிலும் ருசி இருக்காது, கிரிக்கெட் பிடிக்காது, நண்பர்கள் பிடிக்காது, மனசு வெறுமையாகக் கிடக்கும். திரும்ப எடுக்கும் ஆசை வெறியாக வருவதும், சிலருக்குத் தற்கொலை எண்ணம் வருவதும் இந்தச் சமயத்தில்தான். அவனைத் தனியே விடாதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது.

மூளை எவ்வளவு மெதுவாகத் தேறுகிறது என்பதை 2001-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு ஸ்கேன் எடுத்தே காட்டியது. ஓராண்டு அளவுக்கு விலகியிருந்தவர்களின் மூளையில் டோபமினைக் கையாளும் பகுதிகள் கணிசமாக மீண்டிருந்தன. ஆனால் நினைவாற்றலும் கை கால் வேகமும் அதே அளவுக்குத் திரும்பியிருக்கவில்லை. மீட்சி நிச்சயம் உண்டு, ஆனால் அதை மாதக் கணக்கில்தான் திட்டமிட வேண்டும். பத்து நாள் அட்மிஷன் அதற்கான தொடக்கம் மட்டும்தான்.

இதை உணராத வீட்டில்தான் "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்" என்ற பேச்சு எழும். தயவுசெய்து செய்யாதீர்கள். வெறுமையும் எரிச்சலும் சந்தேகமும் உச்சத்தில் இருக்கும் ஒருவனிடம், எதுவும் சொல்லாமல் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். போதை வியாபாரிக்குப் பாக்கி இருக்கிறது என்று நகையை அடகு வைத்துக் கடனை அடைப்பதும் பலன் தராது, அவனுக்கு அடுத்த கடன் கிடைக்கத்தான் வழி செய்யும்.

சந்தேக நோய் தனி விஷயம். எதிர் ஃபிளாட்டில் போலீஸ் கேமரா வைத்திருக்கிறது என்று ஜன்னல் திரையைக் கிளிப் போட்டு மூடுவான். தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று கையைப் பிறாண்டிப் புண்ணாக்குவான். "அப்படி எதுவும் இல்லடா" என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்று ஒத்தும் பாடாதீர்கள். குரலைத் தாழ்த்தி, கூட்டத்தைக் குறைத்து, கத்தி மாதிரியான பொருள்களை அப்புறப்படுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செய்வினை என்று மந்திரிக்க அலையும் நாள்கள் வீண். மெத் எடுப்பதை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இது சில நாளிலோ வாரங்களிலோ அடங்கும். அடங்காதவர்களுக்குச் சிகிச்சை இருக்கிறது.

நெஞ்சுவலி, வலிப்பு, ஒரு பக்கம் செயலிழப்பு, கொதிக்கும் உடல் சூடு இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மெத் உடல் சூட்டை ஏற்றும், சென்னையின் மே மாதத்தில் அது உயிருக்கே உலை வைக்கும். மானத்துக்குப் பயந்து டியூட்டி டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

போலீஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் தவறு. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்தாலும், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு பெறலாம். முழுச் சிகிச்சையையும் முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம்.

நள்ளிரவில் வேனோடு நாலு பேரை அனுப்பி, கையைக் கட்டித் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு மையங்களை' நம்பவே நம்பாதீர்கள். 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய மாநிலம் இது. 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்கிறது. மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, நீங்கள் நேரில் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

போக வேண்டிய இடங்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உண்டு. போதைப் பழக்கத்துக்கென்றே 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அடையாறு பக்கம் இருக்கிறது. மெத் ஆசையைத் துடைத்தெடுக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. 2021-ல் வெளியான ஆய்வில் நால்ட்ரெக்சோன் என்ற ஊசியும் புப்ரோபியான் என்ற மாத்திரையும் சேர்ந்து நூற்றுக்குப் பதினான்கு பேருக்குத்தான் பலன் தந்தன. தூக்க மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்தால் இன்னொரு பழக்கம் சேர்ந்துகொள்ளும். நன்றாக வேலை செய்வது தொடர் கவுன்சிலிங்கும், சிறுநீர்ப் பரிசோதனையில் மெத் இல்லை என்று வரும் ஒவ்வொரு முறையும் சின்னப் பரிசு தரும் முறையும்தான். மகன் கெட்டதற்குப் பரிசா என்று அப்பாக்கள் கோபப்படுவார்கள். ஆனால் இந்தப் போதைக்கு ஆய்வுகளில் அதிகம் நிரூபணமான வழி அதுதான்.

நடுவில் ஒருமுறை மறுபடி எடுத்துவிட்டால், "எல்லாம் போச்சு" என்று வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். எந்த நேரத்தில், யாரோடு, கையில் எவ்வளவு பணம் இருந்தபோது நடந்தது என்று கேட்டு, அதை அடுத்த சந்திப்பில் கவுன்சிலரிடம் சொல்லுங்கள். அவன் வர மறுத்தால் நீங்களாவது போங்கள். போதைப் பழக்கத்துக்கான இலவச எண் 14446. மனநல உதவிக்கு 14416, இதில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.