எம்1 காரண்ட்: ரீபில்ட் ஆன துப்பாக்கியில் அசல் எது?

ஒஹாயோவில் துப்பாக்கிச் சந்தைக்குப் போனால் எம்1 காரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கியை வாங்க வந்தவர்கள் முதலில் கேட்பது, "எல்லா நம்பரும் மேட்ச் ஆகுதா?" என்பதுதான். காரண்டில் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை. ஜெர்மானிய மவுசரில் பாகத்துக்குப் பாகம் வரிசை எண் குத்தியிருப்பார்கள். காரண்டில் வரிசை எண் இருப்பது ரிசீவர் என்ற நடு உலோக உடலின் பின்பக்கம் மட்டும். மற்ற பாகங்களில் இருப்பவை வரைபட எண்கள், அதாவது அந்தப் பாகம் எந்த வரைபடப்படி செய்யப்பட்டது என்பதைச் சொல்பவை.

1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தத் துப்பாக்கி, மொத்தம் 54 லட்சம் அளவுக்குத் தயாரானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்த பெரும்பாலானவை பிறகு ராணுவப் பட்டறைக்குள் ஒருமுறையாவது போய்வந்தவை. அங்கே பிரித்து, எது கைக்கு வந்ததோ அதை மாட்டினார்கள். 1943 ரிசீவரில் 1953 பேரல் (குழல்) இருந்தால் அது தில்லுமுல்லு இல்லை, ராணுவமே செய்தது.

சரி, பார்க்கத் தொடங்குவோம். போல்ட் என்ற அடைப்பை முன்பின் நகர்த்தும் தண்டான ஆப்பரேட்டிங் ராடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். விரலை உள்ளே விடும்போது உள்ளங்கை ஓரத்தால் ராடைத் தாங்கிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் போல்ட் பாய்ந்து வந்து கட்டைவிரலை நசுக்கிவிடும்.

ராட் பின்னால் இருக்கும்போதே பேரலின் வலப்பக்கத்தைப் பாருங்கள். காரண்டைச் செய்த ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியின் பேரலில் 'எஸ்ஏ 3 43' என்பதுபோல் மாதமும் ஆண்டும் இருக்கும். அது ரிசீவர் செய்த காலத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முந்தியதாக இருந்தால் நல்ல அறிகுறி. இன்னொரு தயாரிப்பாளரான வின்செஸ்டரின் போர்க்காலப் பேரலில் தேதி இருக்காது, அதைக் குறையாக எண்ண வேண்டாம். என் ஸ்பிரிங்ஃபீல்டின் ரிசீவர் 1943-இல் வந்தது. பேரலில் 'எல்எம்ஆர் டி6535448', 53 என்று இருக்கிறது. கொரியப் போர்க்காலத்தில் ஒப்பந்தம் எடுத்த லைன் மெட்டீரியல் கம்பெனியின் மாற்றுப் பேரல் அது.

அந்த எண்ணின் தொடக்கத்தில் வரும் '65' வேறு சில பாகங்களுக்கும் உதவும். போர்க்கால போல்டில் 'டி28287' என்றும், ட்ரிக்கர் ஹவுசிங்கில் 'டி28290' என்றும் இருக்கும். அதே பாகங்கள் போருக்குப் பிறகு 6528287, 6528290 ஆயின. போர்க்கால போல்டில் கோட்டுக்குப் பின் வரும் திருத்த எண்ணும் ஆண்டு ஏற ஏற ஏறும்.

குறிபார்க்கும் பின்பக்கப் பாகமான ரியர் சைட்டை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். போர்க்காலத்தில் வலப்பக்கக் குமிழில் ஒரு சின்ன குறுக்குக் கட்டை இருந்தது, 'லாக் பார்' என்பார்கள். போருக்குப் பிறகு பட்டறைகள் அதைக் கழற்றி டி105 (T105) வகையை மாட்டின. இன்று லாக் பாருக்கு நல்ல விலை. அதனால் மற்ற எல்லாம் 1950-களைச் சேர்ந்ததாக இருக்க, சைட் மட்டும் லாக் பார் என்றால் யாரோ பின்னால் வாங்கி மாட்டியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பரேட்டிங் ராடும் அப்படித்தான். பழைய ராடின் சதுர மூலையில் விரிசல் விழுந்ததால் பட்டறைகள் அங்கே அரைவட்டமாக வெட்டிவிட்டன. வெட்டாத ராடுக்கு சேகரிப்பாளர்கள் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். சுடுவதற்கு எனக்கு வெட்டியதுதான் வேண்டும்.

மரக்கட்டையின் இடப்பக்கத்தில் ஆய்வாளரின் முத்திரை இருக்கும். ஸ்பிரிங்ஃபீல்டில் எஸ்பிஜி, ஜிஹெச்எஸ், இஎம்சிஎஃப், ஜிஏடபிள்யூ, என்எஃப்ஆர் என்ற வரிசையில் 1936 முதல் போர் முடியும் வரை எழுத்துகள் மாறின. போலி முத்திரைகள் அதிகம் புழங்குவது இங்கேதான். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். உண்மையான முத்திரையின் விளிம்பு கட்டையோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், பள்ளத்துக்குள் பழைய எண்ணெயும் அழுக்கும் இறுகியிருக்கும். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய கட்டையில் முத்திரை மட்டும் புத்தம் புதிதாக நின்றால் நம்பாதீர்கள். மரம் உலோகத்தை விடச் சற்று மேலே நிற்க வேண்டும்; தாழ்ந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

விற்பவர் சம்மதித்தால் கட்டையைக் கழற்றுங்கள். ரிசீவரின் கீழே நீண்டிருக்கும் காலில் மின்பேனாவால் கிறுக்கியதுபோல் ராணுவக் கிடங்கின் சுருக்கெழுத்தும் மாதம், ஆண்டும் இருக்கலாம். ரெட் ரிவர், லெட்டர்கென்னி போன்ற கிடங்குகள் அப்படிக் குறித்தன. அது இருந்தால் எனக்குச் சந்தோஷம், துப்பாக்கியின் பாதி வரலாறு அங்கேயே கிடைத்துவிடும். சிலர் அதைத் தேய்த்து அழித்துவிட்டு, பொருத்தமான பாகங்களைத் தேடி மாட்டி, 'கரெக்ட்' என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார்கள். பட்டறை முத்திரையோடு வரும் கலவைத் துப்பாக்கிதான், என் கணக்கில், அதைவிட அசல்.

ரிசீவர் கையில் இருக்கும்போதே உள்பக்கத் தண்டவாளங்களில் விரலை ஓட்டுங்கள். ராணுவம் வெட்டிப் பழைய இரும்பாக விற்ற ரிசீவர்களின் துண்டுகளை வெல்டிங் செய்து ஒட்டி விற்றவர்கள் உண்டு. குறுக்கே மேடு, நுண்துளைகள், ஒரு பாதியில் மட்டும் வேறு நிறம், காலில் காணாமல்போன வரைபட எண், இவற்றில் எது தென்பட்டாலும் விலை பேச வேண்டாம், கீழே வைத்துவிடுங்கள். நல்லதாகவே தெரிந்தாலும் முதல் தோட்டாவுக்கு முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்டுக்கும் பேரலுக்கும் இடையே தோட்டாவுக்குச் சரியான இடைவெளி இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேரலும் போல்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை என்பதை இப்போது நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.