பட்டாளத்துத் தாத்தாவின் படம்: தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. காக்கிச் சட்டை, விறைப்பான முகம், கண்ணாடியின் மேல் வருஷா வருஷம் வைத்த சந்தனப் பொட்டு. தாத்தாவின் தம்பி. "பர்மாவில் ஜப்பான்காரனைச் சுட்டவர்" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அதில் இவர் எந்தப் பிரிவு என்று கண்டுபிடிக்கக் கிளம்பி, முதல் ஆறு மாதத்தைச் சுத்தமாக வீணடித்தேன்.

காரணம், ஒரு செயலி. படத்தைச் செல்போனில் எடுத்து, மங்கலான முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ செயலி ஒன்றில் போட்டேன். தொப்பியில் வெறும் திட்டாக இருந்த இடத்தில் பளிச்சென்று ஒரு சின்னம் வந்து உட்கார்ந்தது. அது செயலி தானாக வரைந்த சின்னம் என்பது புரியாமல், அதை வைத்துக்கொண்டு அலைந்தேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஏற்றுவதும் இதே ரகம்தான். அந்தக் காலத்து ஃபிலிம்களில் சில வகை சிவப்பை ஏறக்குறைய கறுப்பாகவே காட்டும். மெடல் நாடாவில் எது சிவப்பு, எது கருநீலம் என்று நமக்கே தெரியாதபோது செயலிக்கு எப்படித் தெரியும்?

செய்ய வேண்டியது எளிது. சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, படத்தின் முதுகைப் பாருங்கள். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவே கூடாது, கண்ணாடியோடு வைத்து ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைதானே என்று விடாமல், கலர் செட்டிங்கில், 1200 டிபிஐ-யில். எங்கள் படத்தின் முதுகில் பெங்களூர் ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை இருந்தது. உடனே "மெட்ராஸ் சாப்பர்ஸ்!" (ராணுவத்தின் பொறியாளர் படை) என்று குதித்தேன். அவர்களுடைய பயிற்சி மையம் பெங்களூர்தான். ஆனால் அந்தக் கன்டோன்மென்ட்டில் எத்தனையோ பிரிவுகள் இருந்தன. ஸ்டூடியோ முத்திரை ஊரைச் சொல்லும், படையைச் சொல்லாது.

விடை தோளில் இருந்தது. தோள்பட்டைப் பட்டியின் ஓரத்தில் பித்தளை எழுத்துகள்: ஐ.ஏ.எம்.சி. அதாவது இந்திய ராணுவ மருத்துவப் பிரிவு. அது 1943-ல்தான் உருவானது, ஆகவே படம் அதற்குப் பிந்தியது. ஒரே உருப்பெருக்கிக் கண்ணாடியில் படையும் காலமும் சேர்ந்து கிடைத்தன. கூடவே, ஜப்பான்காரனைச் சுட்ட கதையும் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அடுத்தது, தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான் என்று நினைப்பது. அந்த ரெஜிமென்ட்டை 1920-களிலேயே கலைத்துவிட்டார்கள், இரண்டாம் உலகப் போர் வந்தபிறகுதான் மீண்டும் எழுப்பினார்கள். 1935-ல் தாத்தா அதில் இருந்தார் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். சாப்பர்ஸ், லாரி ஓட்டிய சர்வீஸ் கோர், சிக்னல்ஸ், மருத்துவப் பிரிவு என்று நம்மவர்கள் எங்கும் இருந்தார்கள். போர்முனையும் பர்மா மட்டுமல்ல. மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியில், கண்ணிவெடி மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டவர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள்.

நட்சத்திரத்தை எண்ணி "லெஃப்டினன்ட்" என்று முடிவுகட்டுவதும் நடக்கிறது. தோளில் ஒன்று என்றால் ஜமேதார், இரண்டு என்றால் சுபேதாராகவும் இருக்கலாம்; இரண்டும் லெஃப்டினன்ட்டுக்குக் கீழான பதவிகள். சின்னத்தில் கிரீடத்துக்குப் பதில் சிங்க முகம் தெரிந்தால் படம் 1950-க்குப் பிந்தியது, உலகப் போர்க் கதையே வேறாகிவிடும். சொந்த மெடலை இடது மார்பில்தான் குத்துவார்கள். அது வலது மார்பில் இருந்தால், ஒன்று நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள், இல்லை அவர் வேறொரு உறவினரின் மெடலைக் குத்தியிருக்கிறார். காக்கி போட்டவரெல்லாம் பட்டாளமும் இல்லை. மலபார் ஸ்பெஷல் போலீஸும் காக்கிதான்.

மெடல் என்றதும் இன்னொன்று. பீரோவில் கிடப்பதைப் பார்த்து "வீரப் பதக்கம்" என்று பெருமைப்படுகிறோம். 1939–45 வார் மெடல் 28 நாள் முழுநேரப் பணி செய்தாலே கிடைத்தது. ஆனால் அதைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வந்த இரண்டாம் உலகப் போர் மெடல்களில் பெயர் இருக்காது. இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்ததில் எண்ணும் பெயரும் பிரிவும் பொறித்திருக்கும். வட்ட மெடல் என்றால் விளிம்பில், நட்சத்திரம் என்றால் முதுகில். எங்களுக்குச் சர்வீஸ் நம்பர் கிடைத்தது அப்படித்தான். டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டைக் கரையான் தின்று பல வருஷம் ஆகியிருந்தது.

நம்பர் கிடைக்காதவர்கள் பெயரை வைத்துத் தேடுவார்கள். முத்துசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலக் குமாஸ்தாக்கள் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரு 'எச்' கூடும், ஒரு 'எஸ்' குறையும், அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிடும். மாவட்டத்தையும் பழைய பெயரில் தேட வேண்டும். வேலூர்க்காரர் வட ஆற்காட்டில் இருப்பார், தூத்துக்குடிக்காரர் 'டின்னெவெல்லி'யில். அப்புறம், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர் இல்லையே என்று மனம் உடைய வேண்டாம். அது போர்க்காலத்திலும் அதையொட்டி 1947 டிசம்பர் 31 வரையிலும் இறந்தவர்களின் பட்டியல். வீடு திரும்பி, கல்யாணம் செய்து, பேரன் எடுத்தவர் அதில் எப்படி இருப்பார்?

தாத்தா மலேயாவில் இருந்தவர் என்றால் இந்திய தேசிய ராணுவத்தையும் மறக்காதீர்கள். அவர்கள் போட்டதும் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் காக்கிதான். சட்டையை வைத்துப் பிரிக்க முடியாது. வீட்டில் தியாகி பென்ஷன் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் டிரங்குப் பெட்டியைத் துழாவுங்கள்.

சரி, எங்கே எழுதிக் கேட்பது? லண்டனுக்கு எழுதிப் பலர் நேரத்தைத் தொலைக்கிறார்கள். அங்கே இருப்பவை முக்கியமாக அதிகாரிகளின் கோப்புகள். சாதாரணச் சிப்பாய்க்கு அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ்தான் கதி: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் இருக்கும் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. நம்பர், பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா, உங்களுக்கு என்ன உறவு, எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் எப்படி எழுதுவது என்று சொல்வார்கள்.

எங்கள் படம் மறுபடி கூடத்துக்கு வந்துவிட்டது, ஆனால் சட்டத்துக்குள் இருப்பது நகல். அசலை அமிலமில்லாத காகித உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். உறையின் மேல் பென்சிலால் பெயர், நம்பர், ஐ.ஏ.எம்.சி. பால் பாயின்ட் பேனாவால் படத்தின் முதுகில் எழுதினால் அழுத்தம் முகத்தில் தெரியும்.