உறுமலை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உர்ர்", "கர்ர்", "கிர்ர்", "சுர்ர்", "கொர்ர்" எல்லாவற்றிலும் இழுபடும் ஒலி ஒன்றுதான். பொருளை மாற்றுவது அதற்கு முன்னால் நிற்கும் எழுத்து. உறுமலை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஆங்கிலக் காமிக்ஸ் நாய் உறுமுவதை அப்படியே எழுத்துக்கூட்டி "கிர்ர்ர்" என்று போட்டுவிடுகிறார்கள். தமிழில் தலைதான் கிர்ரென்று சுற்றும். கோபம் சுர்ரென்று ஏறும், தூங்குகிறவர் கொர்ரென்று குறட்டை விடுவார். நாய்க்கு "உர்ர்" என்று எழுதுங்கள்.

அந்த "உர்ர்" கூட எப்போதும் காதில் விழும் ஒலி அல்ல. "உர்ரென்று உட்கார்ந்திருந்தாள்" என்றால் அவள் வாயே திறக்கவில்லை, முகம்தான் கடுகடுவென்று இருக்கிறது. பிறமொழிக்குக் கொண்டுபோகிறவர்கள் அவளை உறும வைத்துவிடக் கூடாது.

அரட்டையில் நண்பருக்கு அனுப்பும் "கர்ர்ர்ர்" பெரும்பாலும் செல்லக் கோபம். முன்பின் பழகாதவர் அதை நிஜக் கோபமாகவே எடுத்துக்கொள்வார். அவரிடம் எது பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது.

உறுமினாலே சினம் என்று கதை எழுதுகிறவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். கயிற்றைக் கவ்வி இழுத்து விளையாடும் நாயும்தான் உறுமுகிறது. முன்னங்கால்களைத் தாழ்த்தி, உடலைத் தளர்த்தி நிற்கிறதா, உடல் விறைத்துப் பல்லைக் காட்டுகிறதா என்று ஒரு வரி சேர்த்தால் வாசகருக்குப் புரிந்துவிடும். பூனையின் "குர்ர்" விஷயத்தில் இது இன்னும் அவசியம். தடவிக்கொடுக்கும்போது சுகத்தில் எழும் அதே ஒலி, வலியில் சுருண்டு கிடக்கும் பூனையிடமிருந்தும் வரும். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். புலி உறுமும், சிங்கம் கர்ஜிக்கும், யானை பிளிறும், பாம்பு சீறும். சிவிங்கிப்புலியை (சீட்டா) கர்ஜிக்க வைக்காதீர்கள், அதனால் இயலாது.

எழுத்துப்பிழை ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது: "நாய் உருமியது". உருமு என்றால் இடி. நாய் செய்வது உறுமல், வல்லின றகரம்.

கரகர, முறுமுறு போன்ற இரட்டைக்கிளவிகளை நடுவில் இடம்விட்டு "கர கர" என்று உடைப்பதும் தவறு. பிரித்தால் அவை பொருள் தராது என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. தொண்டை கரகரக்கலாம், மனக்குறை உள்ளவர் முறுமுறுக்கலாம். இரண்டையும் உறுமலாக்க வேண்டியதில்லை.