அப்பாவுக்குக் கல்லீரல் கொடையாளர் கிடைத்த விதம்

கல்லீரல் செயலிழந்த அப்பாவுக்கு மாற்று அறுவை சிகிச்சையே வழி என்று மருத்துவர் சொன்ன அன்றே, உறவினர் அனைவருடைய பெயர்களையும் இரத்த வகைகளையும் ஒரு நோட்டில் எழுதினோம். அப்பாவுக்கு பி நெகட்டிவ். ஆகவே பாசிட்டிவ் வகையினர் எல்லோரையும், ஓ பாசிட்டிவான என் தங்கையையும் சேர்த்து, நானே சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

எஞ்சியவர்கள் இருவர். அண்ணனுக்குக் கல்லீரலில் கொழுப்பு மிகுதியாக இருந்தது. எடை குறைத்தால் அது கரையும் என்றார்கள், ஆனால் அப்பாவுக்கு அத்தனை அவகாசம் இல்லை. சித்தப்பா மகனுக்கு சி.டி. ஸ்கேனில் அளந்தபோது, வலப்பகுதியை எடுத்தபின் அவனிடம் எஞ்சுவது 30 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்ததால், அவனுடைய பாதுகாப்புக் கருதி மறுத்துவிட்டார்கள். இப்படியே பதினெட்டு நாட்கள் போயின.

அடுத்த சந்திப்பில் மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்து, "இவரை ஏன் அடித்தீர்கள்?" என்று கேட்டார். இரத்தம் ஏற்றும்போது முக்கியமான பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு கல்லீரல் மாற்றுக்குத் தடையாவதில்லை; ஏ, பி, ஓ வகை பொருந்தினால் போதும், ஓ வகையினர் பி வகையினருக்குக் கொடுக்கலாம் என்று விளக்கினார். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

தங்கைக்கு எஞ்சும் பகுதி 38 சதவீதம். எடுக்கும் பகுதியும் அப்பாவுக்குப் போதுமான அளவு, அதாவது அவருடைய உடல் எடையில் 0.8 சதவீதத்துக்கு மேல், இருந்தது. மனநல மதிப்பீடும் சட்டபூர்வ ஒப்புதலும் முடிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இருவரும் வீடு திரும்பிவிட்டார்கள்.