உலோகக் கண்ணாடிக் கூட்டுப்பொருளை இழுத்துப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால், எங்கள் டெஸ்டிங் லேபுக்கு பம்ப் வார்ப்புத் துண்டுகளோடு சிர்கோனியம் உலோகக் கண்ணாடியும் (அணுக்கள் படிகமாக அடுக்காமல் உறைந்த உலோகக் கலவை) வந்து சேரும். சாம்பிளை நேராகக் கவ்வ வேண்டும், சுமையை ஜீரோ செய்ய வேண்டும் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

அமுக்கிப் பார்த்துவிட்டு "இழுத்தாலும் நீளும்" என்பது

நீளாது. வெறும் உலோகக் கண்ணாடியை இழுத்தால் 2% அளவுக்கு மீள்தன்மையோடு நீண்டு, பட்டென்று அறுந்துவிடும். சில பத்து நானோமீட்டர் தடிமன்கூட இல்லாத ஷியர் பேண்ட், அதாவது வழுக்கி நழுவும் மெல்லிய பட்டை ஒன்று, பனியன் துணியில் கண்ணி விட்டதுபோல் குறுக்கே ஓடிவிடும்.

கேஜ் நீளத்தைச் சொல்லாமல் நீட்சி சதவீதம் எழுதுவது

இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கேஜ் நீளம் என்றால், நீட்சியை அளக்க சாம்பிளில் எடுத்துக்கொண்ட பகுதியின் ஆரம்ப நீளம். கூட்டுப்பொருளில் மிருதுவான டென்ட்ரைட் படிகங்கள் கண்ணாடிக்குள் கிளைவிட்டு நிற்கும். கண்ணாடியில் கிளம்பும் ஷியர் பேண்டை அவை மறிப்பதால், ஒன்று ஓடுவதற்குப் பதில் பல குட்டிப் பட்டைகள் உருவாகும். 2008-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகக் குழு இப்படி 10 சதவீதத்துக்கு மேல் நீளும் கலவைகளைக் காட்டியது. அன்றிலிருந்து எல்லாருக்கும் அந்தப் பத்து வேண்டும்.

ஆனால் இந்த வகைக் கலவைகள் இழுக்க இழுக்க பெரிதாக இறுகுவதில்லை. ஓரிடம் மெலிந்தால் அங்கேயே மேலும் மெலியும். இப்படி நெக் (மெலிந்த கழுத்து) விழுந்தபின் வரும் நீட்சி முழுக்க அந்த ஓரிரு மில்லிமீட்டருக்குள்தான்.

"ஏனுங்கண்ணா, ஒரே பிளேட்டுல வெட்டினதுங்க. ஒண்ணு 10% காட்டுது, இன்னொண்ணு 4%தான். வார்ப்பு கெட்டுப்போச்சுங்களா?" என்று ஒரு தம்பி வந்தார். சந்தேகத்திலேயே புதுப் பிளேட்டுக்கும் சொல்லிவிட்டாராம். சிர்கோனியம், ஆர்கான், ஆர்க் உருக்கல் என்று செலவு தலைக்கு மேல். உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து வெர்னியர் போட்டோம். இரண்டிலும் நிரந்தர நீட்சி 1 மி.மீ.தான். ஒன்றின் கேஜ் 10 மி.மீ., மற்றது 25. பிளேட்டில் ஒரு குறையும் இல்லை!

இழுக்கும் முன் மில்லிமீட்டருக்கு ஒரு மைக்கோடு போடுங்கள். ஊசியால் கீறாதீர்கள், விரிசல் அங்கேயே தொடங்கும். உடைந்தபின் பார்த்தால், நெக்கைத் தாண்டிய கோடுகள் ஏறக்குறைய போட்ட இடைவெளியிலேயே இருக்கும். உச்சச் சுமை வரையிலான சீரான நீட்சி, மொத்த நீட்சி, குறுக்குப் பரப்புக் குறைவு மூன்றையும் தனித்தனியாக, கேஜ் நீளத்தோடு எழுதுங்கள். செம்பு-சிர்கோனியம் கலவைகளில் பி2 என்ற வகைப் படிகம் இழுபடும்போது மார்ட்டென்சைட் என்ற வேறு படிக அமைப்பாக மாறி இறுகுவதால் நெக் தள்ளிப்போகும். அந்தக் கதை வேறு.

கிராஸ்ஹெட் (மெஷினின் நகரும் குறுக்குச்சட்டம்) நகர்வை நீட்சியாக எடுப்பது

80 ஜிகாபாஸ்கல் வரவேண்டிய யங் குணகம் 25 என்று வந்தால், நீங்கள் அளந்தது கிரிப்பையும் மெஷினையும்தான். சாம்பிளின் நீட்சியை நேரடியாக அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டுங்கள்.

வயர்கட் (மின்பொறிக் கம்பியால் வெட்டிய) விளிம்பை அப்படியே விடுவது

இழுக்கும் திசையிலேயே தேய்த்து எடுங்கள்.

பெரிலியம் கலந்ததை உலர்வாகத் தேய்ப்பது

கூடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கலவையில் பெரிலியம் இருந்தால் சாம்பிளைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.