ஸ்பாட்டிங் ஸ்கோப்ல சின்ன கேமராவை மாட்டி பறவை படம் எடுக்கிறது எப்படி

பெகு தாண்டி இருக்கிற மோயுன்ஜி ஏரிக்கு டிசம்பர், ஜனவரில போனவங்களுக்குத் தெரியும், ஊசிவால் வாத்து, நீலத் தாழைக்கோழின்னு கூட்டம் கூட்டமா கெடக்கும், ஆனா எல்லாம் தூரத்துல, போன்ல எடுத்தா புள்ளி புள்ளியாத்தான் விழும். பர்மாவுல முதல்முதலா ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேர்ந்த இடம் இது, 2004ல. அங்க போயிட்டு ஒரு நல்ல படம் இல்லாம திரும்ப யாருக்கும் மனசு வராது. பெரிய லென்ஸ் வாங்க வசதி இல்லையா, ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒத்தைக் கண்ணால பாக்கிற தொலைநோக்கி) கையில இருந்தா சின்ன காம்பாக்ட் கேமராவே போதும்.

கேமரா கேக்கப் போனா கடைக்காரர் 30 மடங்கு ஜூம்னு எடுத்துக் காட்டுவாரு, வாங்கிடாதீங்க. இதுக்கு 3, 4 மடங்கு ஜூம்தான் சரி. முன் லென்ஸ் 65 மில்லிமீட்டர் அகலம் இருக்கிற ஸ்கோப்பை 20 மடங்குல வெச்சா வெளிய வர்ற ஒளி வட்டம் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான், சின்ன லென்ஸ்னா அதை அப்படியே வாங்கிக்கும், நீளமா வெளிய நீட்டுற பெரிய ஜூம் லென்ஸ்ல படத்தைச் சுத்தி கறுப்பு வளையம் விழுந்துடும். பழைய நிக்கான் கூல்பிக்ஸ் 990, 4500 ரெண்டையும் இதுக்காகவே தேடி வாங்கினாங்க, ஜூம் பண்ணினாலும் லென்ஸ் வெளிய வராது, முன்னாடி அடாப்டரைத் திருகி மாட்ட மரையும் இருக்கும். எந்த மாடலா இருந்தாலும் ஸ்கோப்பைக் கடைக்கே தூக்கிட்டுப் போய், கேமராவைக் கையால ஐபீஸ்ல (ஸ்கோப்ல கண்ணை வெச்சுப் பாக்கிற பக்கம்) வெச்சுப் பாத்துட்டுக் காசைக் குடுங்க.

லென்ஸ்ல மரை இருந்தா வளைய அடாப்டர். இல்லன்னா ஐபீஸைக் கவ்விப் பிடிக்கிற தட்டு மாதிரி அடாப்டர் வாங்குங்க, கேமரா அடியில இருக்கிற டிரைபாட் ஓட்டையில திருகுறது.

இப்ப மாட்டலாம். ஸ்கோப்பை ஸ்டாண்டுல இறுக்கி 20 மடங்குல வெச்சு முதல்ல கண்ணால போகஸ் பண்ணுங்க. ஐபீஸைச் சுத்தி இருக்கிற வளையத்தை, அதாவது ஐகப்பைக் கீழ இறக்கி விடுங்க. லென்ஸ் ஐபீஸ்கிட்ட ஒட்டினாப்ல வரணும், ஆனா இடிக்கக் கூடாது, ஜூம் முழுசா நீட்டியும் ஒரு தடவை பாத்துக்குங்க. அப்புறம் ஸ்க்ரீனைப் பாருங்க: நடுவுல ஒரு வெள்ளை வட்டம், சுத்தி கறுப்பு. வட்டம் ஒரு பக்கம் பிறை மாதிரி சாஞ்சிருந்தா கேமரா நேரா இல்லைன்னு அர்த்தம், மேல கீழ, இடது வலதுன்னு மயிரிழை நகர்த்தி, வட்டம் நடுவுக்கு வந்ததும் இறுக்குங்க. இந்த வேலையில அவசரப்படாதீங்க, இது சரியா அமையலன்னா மத்த எதுவும் சரியா வராது. பிறகு கறுப்பு மறையிற வரைக்கும் மட்டும் கேமரா ஜூமைக் கூட்டுங்க. டிஜிட்டல் ஜூம் வேண்டவே வேண்டாம்.

கேமரா கனத்துல ஸ்கோப் பின்னால சாயும், அதனால ஸ்டாண்டோட தட்டுல ஸ்கோப்பைக் கொஞ்சம் முன்னால தள்ளி வெச்சு மாட்டுங்க.

ஃபிளாஷ் ஆஃப், போகஸ் நடுப்புள்ளில, 2 செகண்ட் டைமர். கேமரா ஜூம் 100 மில்லிமீட்டர் அளவுல இருந்தா ஸ்கோப்போட 20 மடங்கும் சேர்ந்து 2000 மில்லிமீட்டர் ஆயிடுது, விரல் பட்டாலே ஆடிடும். கொக்கு மாதிரி வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை மைனஸ் 0.7க்கு இறக்குங்க, இல்லன்னா இறகு ஒண்ணும் தெரியாது. 60 மடங்குக்கு ஸ்கோப்பை ஏத்தணும்னு ஆசை வரும், படம் இருண்டுடும், வேண்டாம்.

ஏரில படகுல வெச்சு இதைச் செய்ய முடியாது, கரையில நின்னு வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துடுங்க, ஏறிட்டா தண்ணி மேல காத்து நெளிஞ்சு எவ்வளவு நல்ல ஸ்கோப்பா இருந்தாலும் படம் கலங்கிடும். இடம் மாறும்போது கேமராவைக் கழட்டிட்டு நடங்க, மாட்டினபடி தோள்ல போட்டா அந்தத் திருகு மரை கழண்டு கேமரா கீழ விழும்.